லென்ஸின் வாயும் நத்தைகுத்தியின் அலகும்

கார்த்திகையில் கண்மாய்கள் நிறைந்து கிடக்கும்போது கல்லல் பக்கம் கரைமேல் நடந்து போனால் நத்தைகுத்தி நாரையைப் பார்ப்பது அரிதில்லை. அறுபது மீட்டர் தள்ளி, முழங்கால் தண்ணீரில் தலையைக் குனிந்து நத்தை தேடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது: சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை ஓரம், தடித்த அலகு. உடனே கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறோம். படத்தில் தண்ணீர் இருக்கிறது, கருவை மரங்கள் இருக்கின்றன, வானம் இருக்கிறது. நாரை நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு மட்டும் இருக்கிறது. கண் பார்த்ததைக் கேமரா ஏன் பார்க்கவில்லை?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்துவிட்டால், பறவைப் படத்துக்கு எந்தக் கேமரா, எந்த லென்ஸ் வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். விடையோ சற்று எதிர்பாராதது. கைபேசி நம் கண்ணைவிடக் குறைவாகப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நத்தைகுத்தியின் உயரத்தை 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அறுபது மீட்டர் தூரத்தில் அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் ஒரு பாகையில் மூன்றில் இரண்டு பங்கு. முழுநிலவு அடைக்கும் கோணம் அரைப் பாகை. ஆக, அந்த நாரை நம் பார்வையில் முழுநிலவைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். நல்ல பார்வை உள்ளவரால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் நுட்பமாக இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் வரைந்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் நடங்கள். ஐந்து மீட்டர் தாண்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த அளவுகோலின்படி நாரையின் தலைமுதல் கால்வரை நம் கண்ணுக்குக் கிடைப்பது சுமார் 40 புள்ளிகள். கைபேசிக் கேமராவின் ஒளியுணரியில் அதே நாரை 0.07 மி.மீ. உயரத்துக்கு விழுகிறது. அங்கே ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே அதற்குக் கிடைப்பது 70 புள்ளிகள்.

வேறுபாடு மனத்தில் இருக்கிறது. கண்மாயில் நிற்கும்போது நம் கவனம் முழுவதும் பறவைமேல் குவிகிறது. சுற்றியிருக்கும் தண்ணீரும் மரமும் நினைவிலிருந்து விலகிவிடுகின்றன. முன்பே பார்த்துப் பழகிய பறவை என்பதால் தெரியாத நுட்பங்களையும் மனமே நிரப்பிக்கொள்கிறது. படத்தில் அந்த உதவி கிடைக்காது. பறவையின் ஒவ்வொரு நுட்பத்தையும் லென்ஸ்தான் கொண்டுவந்தாக வேண்டும்.

எவ்வளவு நுட்பம் தேவை என்பதற்கு நத்தைகுத்தியே நல்ல அளவுகோல் தருகிறது. வளர்ந்த பறவையின் மேலலகும் கீழலகும் நுனியில் சேரும். நடுவில் சேராமல் வளைந்து பிரிந்திருக்கும். அந்த இடைவெளி அரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இளம் பறவைக்கு இது இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஆகவே அலகிடுக்கு தெளிவாக விழுந்த ஒரு படம், 'இது முதிர்ந்த பறவை' என்பதற்குச் சான்று. கணக்குக்காக 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அறுபது மீட்டரில் அது நம் கண்ணின் நுட்ப எல்லையில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் வடிவத்தைக் கண்ணால் பிரித்தறிய முடியாது, கைபேசியாலும் முடியாது. இந்த அலகிடுக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு கருவியையும் சோதிப்போம்.

முதலில், பிம்பத்தைப் பெரிதாக்க வேண்டும். ஒளியுணரிமேல் விழும் பிம்பத்தின் அளவைத் தீர்மானிப்பது லென்ஸின் குவியத்தூரம். கைபேசியின் முதன்மை லென்ஸுக்கு அது 6 மி.மீ. அளவில் இருக்கும். 500 மி.மீ. லென்ஸ் போட்டால் அதே நாரை 0.07 மி.மீ. உயரத்திலிருந்து கிட்டத்தட்ட 6 மி.மீ. உயரத்துக்கு வளர்கிறது. பெரிய ஒளியுணரி கொண்ட 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. நாரைக்கு ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகள். அலகிடுக்குக்கு மட்டுமே எட்டு.

இந்த இடத்தில் விளம்பரத்தில் வரும் எண்களால் பலரும் குழம்பிப்போகிறார்கள். நிக்கான் பி1000 என்ற கேமரா 2018-ல் வந்தது. 125 மடங்கு ஜூம், '3000 மி.மீ.' என்றார்கள். அதன் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 539 மி.மீ. ஒளியுணரி மிகச் சிறியது. அகலம் 6 மி.மீ. சொச்சம். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் தெரியும் காட்சியை முழுச்சட்டகக் கேமராவில் பிடிக்க 3000 மி.மீ. லென்ஸ் வேண்டும் என்பதைத்தான் 'இணையான குவியத்தூரம்' என்கிறார்கள். காட்சி குறுகுகிறது என்பது உண்மை. பிம்பத்தின் உண்மையான அளவோ 539 மி.மீ. லென்ஸ் தருவதுதான். முழுச்சட்டகத்தைவிடச் சிறிய ஒளியுணரி கொண்ட ஏ.பி.எஸ்.-சி வகைக் கேமராவில் லென்ஸ் 'ஒன்றரை மடங்கு நீளமாகிறது' என்று கடைகளில் சொல்வதும் இப்படித்தான். லென்ஸ் நீளமாவதில்லை, ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. அந்தக் கேமராக்களில் பிக்சல் சிறியதாக இருப்பதால் பறவைமேல் விழும் புள்ளிகள் கூடும், அது வேறு விஷயம்.

அப்படியானால் பிக்சலை இன்னும் இன்னும் சிறிதாக்கி, 200 மெகாபிக்சல் கைபேசியால் அலகிடுக்கைப் பிடித்துவிடலாமே? முடியாது. ஒளி அதற்கு இடம் கொடுக்காது.

ஒளி ஓர் அலை. ஒரு துளை வழியாக நுழையும்போது அதன் விளிம்பில் சற்றே விரிகிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். துளை சிறிதாக ஆக, விரிவு அதிகமாகும். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி எவ்வளவு நல்ல லென்ஸ் வழியாக வந்தாலும் மறுபடி புள்ளியாகச் சேராது. சிறு வட்டத் திட்டாகவே விழும். மிகத் தொலைவிலுள்ள விண்மீன்கூடத் தொலைநோக்கியில் வளையங்கள் சூழ்ந்த சிறு வட்டாகத் தெரிவதை வானியலாளர்கள் வெகுகாலமாகப் பார்த்து வந்தார்கள். அந்த வட்டின் அளவு தொலைநோக்கியின் வாயகலத்தைப் பொறுத்தது என்று 1835-ல் கணக்கிட்டுக் காட்டியவர் வானியலாளர் ஜார்ஜ் ஏரி. அந்தத் திட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். இரண்டு திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால், அதற்கு அப்பால் எத்தனை பிக்சல் வைத்தாலும் பிரிக்க முடியாது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியை வானியலாளர்கள் '2.34 மீட்டர் தொலைநோக்கி' என்றே சொல்கிறார்கள். அது ஆடியின் விட்டம். எத்தனை மடங்கு பெருக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பறவைப் படக்காரர்களும் லென்ஸை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறுபது மீட்டரில் 6 மி.மீ. இடுக்கைப் பிரித்தறிய, ஏரியின் கணக்குப்படி, குறைந்தது 7 மி.மீ. வாயகலம் தேவை. கைபேசியின் முதன்மை லென்ஸின் வாய் பெரும்பாலும் 4 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதன் பிக்சல் 200 மெகா ஆனாலும் 2000 மெகா ஆனாலும் அந்த இடுக்கின் வடிவம் அதற்குள் நுழைவதே இல்லை.

லென்ஸின் வாயகலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. முன்வளையத்தில் குவியத்தூரமும் எஃப் எண்ணும் எழுதியிருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வாயகலம் கிடைக்கும். 600 மி.மீ., எஃப்/6.3 என்றால் 95 மி.மீ. டாம்ரானின் 150-600 லென்ஸும் சோனியின் 200-600 லென்ஸும் 95 மி.மீ. ஃபில்டர் கேட்பது தற்செயலாக நேர்ந்ததில்லை. 500 மி.மீ., எஃப்/5.6 என்றால் 89. பி1000-க்கு 539 மி.மீ., எஃப்/8, ஆக 67. அதற்கு முன் வந்த பி900-க்கு 55. புதிதாகக் கேமரா வாங்குவோர் கூடவே எடுக்கும் 70-300 லென்ஸ் 300-ல் எஃப்/5.6 என்றால் 54. 2020-ல் கேனன் வெளியிட்ட 600 மி.மீ. எஃப்/11 லென்ஸுக்கும் 55தான். நாளிதழ்களுக்குப் படம் எடுப்போர் தோளில் பீரங்கிபோல் தெரியும் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு 150.

வாயகலம் நுட்பத்தை மட்டுமன்றி வெளிச்சத்தையும் தீர்மானிக்கிறது. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். இங்கே நீர்ப்பறவைகள் கூடுகட்டும் காலம் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குகிறது. பறவை நிறைந்திருக்கும் மாதங்கள் வானம் மூடிக்கிடக்கும் மாதங்களாகவும் இருக்கின்றன. உச்சி வெயிலில் நிலத்தில் விழும் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். அடர்ந்த மேகம் மூடிய காலையில் அது ஆயிரத்துக்கு இறங்கிவிடும். நூறில் ஒரு பங்கு. கண்மணி விரிந்தும் விழித்திரை தன்னைப் பழக்கிக்கொண்டும் சமாளிப்பதால் இந்தச் சரிவு நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கிறது.

ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து சேர்கிறது. செட்டிநாட்டு வீட்டு வளவில் மழை பெய்வதை எண்ணிப் பாருங்கள். திறந்த வளவு முழுக்கச் செம்புகளை நெருக்கமாக அடுக்கியிருக்கிறது. பெருமழையில் எல்லாச் செம்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் நிற்கும். தூறல் போட்டு ஓய்ந்தால் ஒரு செம்பில் ஏழு துளி, பக்கத்துச் செம்பில் பதினான்கு, அதற்கடுத்ததில் ஒன்பது. மழை எல்லா இடத்திலும் சமமாகத்தான் பெய்தது. துளி விழும் இடம் தற்செயல் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு. பிக்சல்கள் அந்தச் செம்புகள். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் பத்து கூடவோ குறையவோ இருக்கும், அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, நூற்றுக்கு ஒன்று. மேகமூட்டத்தில் எடுத்த படத்தில் மணல்மணலாகத் தெரிகிறதே, அந்த 'இரைச்சல்' பெரும்பாலும் இதுதான். கேமராவின் குறை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி ஒளியின் இயல்பு.

செம்புகளை எடுத்துவிட்டு அண்டாக்களை வைத்தால் வளவில் விழும் மொத்த மழை கூடுமா? கூடாது. வளவின் திறப்பு எவ்வளவோ அவ்வளவு மழைதான். 'முழுச்சட்டகக் கேமராதான் பறவைக்கு நல்லது' என்ற பரவலான நம்பிக்கையை இதை வைத்து எடைபோடலாம். பறவை படச் சட்டம் முழுவதையும் நிறைத்து நின்றால் பெரிய ஒளியுணரிக்கு உண்மையிலேயே ஆதாயம் உண்டு. கண்மாயில் அப்படி நிற்பது அபூர்வம். எட்டாத தூரத்தில் நிற்கும் பறவையை எடுத்துவிட்டு, படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கிறோம். அப்போது பறவையிலிருந்து வந்த ஒளியின் அளவு லென்ஸின் வாயை மட்டுமே பொறுத்தது. பின்னால் இருப்பது முழுச்சட்டகமா ஏ.பி.எஸ்.-சியா என்பதால் அந்த ஒளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை லென்ஸுக்கு ஒதுக்கி, ஏ.பி.எஸ்.-சி பாடியோடு தொடங்குவதே அறிவுடைமை என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேரடிச் சான்று வேண்டுமானால் டெலிகன்வர்ட்டரைப் பாருங்கள். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் சிறு கண்ணாடித் தொகுதி அது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸை 700 மி.மீ. எஃப்/8 ஆக்குகிறது. 500-ஐ 5.6-ஆல் வகுத்தாலும் 89, 700-ஐ 8-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். வாய் மாறவில்லை. அதே ஒளி இன்னும் அகலமான இடத்தில் பரவுவதால் பிம்பம் பெரிதாகி மங்குகிறது. புதிதாக ஒரு ஃபோட்டான்கூட உள்ளே வரவில்லை. எனவே கன்வர்ட்டரிடம் அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது.

வாயகலம் இரட்டிப்பானால் ஒளி நான்கு மடங்கு. 55 மி.மீ. வாயிலிருந்து 95-க்குப் போனால் மூன்று மடங்கு ஒளி. 95-லிருந்து 150-க்குப் போனால் இரண்டரை மடங்கு. ஒளி இரண்டரை மடங்கானாலும் இரைச்சல் குறைவதோ அதன் வர்க்கமூல அளவுக்குத்தான், அதாவது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். விலையும் எடையும் அப்படி நிதானமாக ஏறுவதில்லை. கண்ணாடி வில்லையின் எடை விட்டத்தின் மும்மடிக்கு நெருக்கமாக வளர்கிறது. 95 மி.மீ. வாயுள்ள ஜூம் லென்ஸ்கள் சுமார் 2 கிலோ. 600 எஃப்/4 லென்ஸ்கள் 3 கிலோ, அதுவும் பல ஆண்டுகளாக எடையைக் குறைத்துக் குறைத்து வந்த பிறகு. முன்னதில் ஒன்றை ஒரு லட்ச ரூபாய் அளவில் வாங்கலாம். பின்னது பத்து லட்சத்தைத் தாண்டும். 2013-ன் இறுதியில் டாம்ரான் தன் 150-600 லென்ஸை அறிவித்ததும், 2015-ல் சிக்மாவின் 150-600, நிக்கானின் 200-500 ஆகியவை வந்ததும் நம் நாட்டில் பறவைப் படக்கலையை மாதச் சம்பளக்காரர்களின் கைக்கு எட்ட வைத்த நிகழ்வுகள். அதற்கு முன் அந்த வாயகலம் பெரும் பணக்காரர்களுக்கும் இதழ்களுக்கும் உரியதாக இருந்தது.

எடையைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. அது விளிம்பு விளைவையே துணைக்கு அழைக்கிறது. சாதாரண லென்ஸ் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும். நீண்ட லென்ஸில் இதனால் இறகோரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும். அதைத் திருத்த ஃப்ளோரைட் போன்ற விலை உயர்ந்த வில்லைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. நுண்ணிய வட்ட வரிகள் செதுக்கிய வில்லையிலோ விளிம்பு விளைவால் சிவப்புதான் அதிகமாக வளையும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றது அடித்துவிடுகிறது. வில்லைகளின் எண்ணிக்கையும் எடையும் குறைகின்றன. கேனன் 2001-ல் தன் 400 மி.மீ. லென்ஸில் இதைக் கொண்டுவந்தது. நிக்கான் 2018-ல் வெளியிட்ட 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் இந்த முறையால் 1,460 கிராமில் நின்றது. நாள் முழுக்கக் கண்மாய்க் கரையில் நடப்பவருக்கு அந்த அரைக் கிலோ வேறுபாடு பெரிது. மாலையில் கை நடுங்கத் தொடங்கிய பிறகு எந்த லென்ஸாலும் பயனில்லை.

இனி அசைவு. நாரை எழுந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நம் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது மீட்டர் தூரத்தில், 500 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் ஒளியுணரிமேல் நொடிக்கு 83 மி.மீ. ஓடுகிறது. ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தாலும் அதற்குள் 14 பிக்சல் நகர்ந்துவிடும். அலகிடுக்கோ எட்டே பிக்சல். ஆகவே பறவையோடு சேர்ந்து கேமராவும் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் உடல் நிலைத்துவிடும். வேகமாக அடிக்கும் இறக்கை நுனிக்காகத்தான் 1/1600, 1/2000 என்று ஷட்டரை இன்னும் விரைவாக்குகிறோம். மேகமூட்டமான காலையில் எஃப்/8-ல் 1/1600 வைத்தால் ஒளியுணர்திறன் எண்ணான ஐ.எஸ்.ஓ. 40,000 அளவுக்குப் போக நேரும். எஃப்/4 லென்ஸ் இருந்தால் 10,000 போதும். அமர்ந்திருக்கும் பறவைக்கு இந்த நெருக்கடி இல்லை, 1/250 போதும்.

லென்ஸிலும் பாடியிலும் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தை மட்டும் ஈடுகட்டும். பறவையின் ஓட்டத்தை அது நிறுத்தாது. கடைகளில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பறக்கும் பறவையில் பாடியின் தரம் தெரிவது தானியங்கிக் குவியத்தில்தான். லென்ஸ் வாயின் இடது ஓரம் வழியாக வரும் ஒளியும் வலது ஓரம் வழியாக வரும் ஒளியும் காட்சியைச் சற்றே வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. குவியம் சரியாக இருந்தால் இரண்டு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். தவறியிருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்தே லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்துவது என்று கேமரா ஒரே கணத்தில் கணக்கிட்டுவிடுகிறது. இரண்டு ஓரங்களும் நெருங்கிவிட்டால் இந்த விலகலை அளப்பது கடினம். பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் பல எஃப்/5.6-க்கோ எஃப்/8-க்கோ அப்பால் தானாகக் குவிக்க மறுத்ததன் காரணம் இதுதான். பி900, பி1000 போன்றவை வேறு முறையைப் பின்பற்றுகின்றன. படத்தின் ஒளி-இருள் வேறுபாடு எங்கே உச்சமாக இருக்கிறது என்று முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும் முறை அது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடைக்கு அது போதும். நீர்மேல் மிதந்து நின்று பாயும் கருவெள்ளை மீன்கொத்திக்குப் போதாது. 2020 முதல் வந்த மிரர்லெஸ் கேமராக்களில் பறவையையும் அதன் கண்ணையும் கண்டறிந்து பின்தொடரும் திறன் சேர்ந்தது. எண்ணற்ற பறவைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் அது. கருவை முள்ளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வக்காவின் சிவந்த கண்ணை அது பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். பறக்கும் பறவைமேல் ஆசை உள்ளவர் புதிய பாடிக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு நிக்கான் டி500, கேனன் 7டி மார்க் 2 போன்ற பழைய ஏ.பி.எஸ்.-சி பாடிகள் இன்றும் நன்றாகவே உழைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், எந்த லென்ஸும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. பறவைக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்றை அதால் அகற்ற முடியாது. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் செம்மண் தரை சூடேறி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளியத் தொடங்கும். ஒவ்வொரு காற்றுத் திட்டும் ஒளியைச் சற்றே வேறு பக்கம் திருப்பும். பத்து லட்ச ரூபாய் லென்ஸிலும் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் நாரை அப்போது குழைந்துதான் விழும். லென்ஸில் பழுது என்று எண்ணி விற்றுவிடுபவர்களும் உண்டு. விடியற்காலையில் ஒரே இடத்திலிருந்து ஒரு படம், நண்பகலில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

தூரம் பாதியானால் பிம்பம் இரட்டிப்பாகும். பறவையிலிருந்து லென்ஸுக்குள் வரும் ஒளி நான்கு மடங்காகும். நெளியும் காற்றும் பாதியாகும். பணச் செலவு இல்லாமல் இத்தனையும் கிடைக்கிறது. பழைய காலத்துப் பறவைப் படக்காரர்கள் இந்த வழியைத்தான் பெரிதும் நம்பினார்கள். ரயில்வேயில் பணியாற்றிய இ. எச். என். லோதர் இந்தியப் பறவைகளைப் படமெடுத்து 1949-ல் நூலாக வெளியிட்டார். சிங்கப்பூர்த் திரையுலகத் தொழிலதிபரும் பறவையியலாளர் சாலிம் அலியின் நண்பருமான லோக் வான் தோ 1957-ல் தம் நூலைக் கொண்டுவந்தார். அவர்கள் காலத்தில் லென்ஸும் ஃபிலிமும் அனுமதித்தது, கூட்டருகே மறைவிடம் கட்டி உள்ளே காத்திருப்பதைத்தான். பறவை திரும்பத் திரும்ப வரும் நிச்சயமான இடம் கூடு ஒன்றே. நம் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தமக்கென ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்த அவருடைய பலம், விலங்குகளின் போக்கை அறிந்து நெருங்குவதில் இருந்தது.

இன்று கூட்டை நெருங்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை. தாய்ப்பறவை எழுந்து போன சில நிமிடங்களில் வெயில் குஞ்சுகளை வாட்டிவிடும். காகம் முட்டையைக் கொத்திக்கொண்டு போய்விடும். கல்லலிலிருந்து திருப்பத்தூர் போய் மதுரைச் சாலையைப் பிடித்தால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வரும். 1977-ல் அறிவிக்கப்பட்டது, வேட்டங்குடி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். நத்தைகுத்தி, பாம்புத்தாரா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் அங்கே கருவேல மரங்களில் கூடுகட்டுகின்றன. பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தங்கள் பிள்ளைகளின் பண்டிகை மகிழ்ச்சியையே விட்டுக்கொடுத்தவர்களின் கண்மாய்க்குள், ஒரு படத்துக்காக இறங்கி நடக்க நமக்கு உரிமை இல்லை. கரையில் நின்றே எடுக்க வேண்டும். 95 மி.மீ. வாய்க்கு நாம் கொடுக்கும் பணம், அந்த இடைவெளியைக் காப்பதற்கான பணம்.

என்னைக் கேட்டால், முதலில் 8×42 இருநோக்கி ஒன்றை வாங்குங்கள் என்பேன். அதுவும் 42 மி.மீ. வாய்தான், பறவையை நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். பதிவுக்காக மட்டும் படம் வேண்டும், கையில் ஒரே கருவி போதும் என்பவருக்கு பி900 வகைக் கேமரா நல்ல துணை. படமே முக்கியம் என்றால் ஏ.பி.எஸ்.-சி பாடியும் 95 மி.மீ. வாயுள்ள ஜூமும். தோள் வலி உள்ளவர், வயதில் மூத்தவர் என்றால் எடை குறைந்த 500 மி.மீ. லென்ஸ். 150 மி.மீ. வாயை, அதற்கு முன்னதை முழுவதும் பயன்படுத்தித் தேய்த்தவர்கள் மட்டும் நினைத்துப் பார்க்கலாம்.

செகண்ட்ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் கைவிளக்கை லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் பையிலேயே கிடந்த லென்ஸாக இருந்தால் வில்லைக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை இழை தெரியும். தூசி இரண்டொன்று இருந்தால் பாதகமில்லை, பூஞ்சை இருந்தால் வேண்டாம். பிறகு, செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே, இருபது மீட்டர் தூரத்தில், முக்காலியில் மாட்டி, மிக நீண்ட குவியத்தூரத்தில், வாயை முழுவதும் திறந்து ஒரு படம் எடுங்கள். இடது ஓரச் செங்கலும் வலது ஓரச் செங்கலும் ஒரே கூர்மையில் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஒரு வில்லை இடம் பெயர்ந்திருக்கிறது. அதைப் பழுதுபார்க்க ஆகும் செலவைக் கேட்டறிந்த பிறகு விலை பேசுங்கள்.